பக்கத்து நாட்டுக்குப் போகும் கரண்ட் கம்பி: லாபம் யாருக்கு, பாக்கி யார் தலையில்?



போன மாசம் எங்க சித்தி பையன் போன் பண்ணான். ஊர் மதுரை, வேலை சென்னை ஓஎம்ஆர்ல. சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, நம்ம மதுரைல இருந்து இலங்கைக்குக் கடலுக்கு அடியில கரண்ட் கேபிள் போடப் போறாங்களாம்ல? அந்த வேலை எடுக்கிற கம்பெனி ஷேரை இப்பவே வாங்கிப் போட்டா நல்லா ஏறும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. என்கிட்ட 1,80,000 ரூபாய் இருக்கு. போட்றட்டுமா?"ன்னு கேட்டான்.

"அது எந்தப் பணம்டா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "அவசரத்துக்கு வச்சுக்கோன்னு நீதானக்கா சேர்க்கச் சொன்ன. அதுதான்"னான்.

அன்னைக்கு அவன்கிட்ட போன்ல அரை மணி நேரம் பேசினதைத்தான் இங்கே நிதானமா எழுதறேன். ஏன்னா இந்த மாதிரி செய்தி அடிக்கடி வருது. இந்தியா–நேபாளம், இந்தியா–வங்கதேசம், இந்தியா–இலங்கை என்று ஒவ்வொரு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதும் "இந்த ஷேரைக் கவனியுங்க"ன்னு நாலு ஃபார்வர்டு வரும்.

ஒரே ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்கிட்டுப் படிங்க. இந்தக் கம்பியில் கரண்ட் ஒரு பக்கமா போகும். பணம் எதிர்ப்பக்கமா வரணும். செய்தியில் கரண்ட் போற கதைதான் வரும். பணம் வர்ற வழியை நாமதான் தேடிப் பார்க்கணும்.

முதல்ல, எதுக்கு இந்தக் கம்பி?

நேபாளத்தை எடுத்துக்கலாம். அங்கே மின்சாரம் பெரும்பாலும் ஆற்று நீரிலிருந்து வருது. மழைக்காலத்தில் ஆறு நிறைய தண்ணி, தேவைக்கு மேல கரண்ட். குளிர்காலத்தில் ஆறு வத்திடும், கரண்ட் பத்தாது. அதனால் மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்கிற அதே நேபாளம், குளிர்காலத்தில் இந்தியாகிட்ட வாங்குது. பூட்டானிலும் இதே கதைதான்.

நம்ம வீட்டுக் கணக்கில் சொன்னா, ஒருத்தருக்கு ஏப்ரல்ல போனஸ் வரும், இன்னொருத்தருக்கு அக்டோபர்ல வரும். ரெண்டு பேரும் கைமாத்து வாங்கிக் கொடுத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் கிரெடிட் கார்டு வட்டி மிச்சம். நாடுகளுக்கு நடுவில் போடுற கம்பியும் அந்தக் கைமாத்துக்கான வழிதான். ஆனா கைமாத்துன்னு வந்தா, திருப்பித் தருவாரான்னு ஒரு கேள்வி இருக்கும் இல்லையா? அதுக்கு அப்புறம் வர்றேன்.

ரெண்டு கிரிட்டை எப்படி இணைக்கிறாங்க?

ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, சாதாரண ஏசி லைன். இதில் இணைச்சா ரெண்டு நாட்டு கிரிட்டும் ஒரே தாளத்தில் ஓடணும். நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். ஒரு பக்கம் தாளம் தப்பினா அடுத்த பக்கமும் ஆட்டம் காணும். இந்தியாவும் நேபாளமும், இந்தியாவும் பூட்டானும் இப்படித்தான் இணைஞ்சிருக்கு. பீகார் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் தல்கேபர் வரை போகும் லைன் இதில் முக்கியமானது. 2016-ல் குறைந்த வோல்டேஜில் ஓட ஆரம்பிச்சு, படிப்படியா 400 கிலோவோல்ட்டுக்கு உயர்ந்தது.

ரெண்டாவது வழி, எச்விடிசி. ஏசி மின்சாரத்தை டிசியா மாத்தி, அந்தப் பக்கம் மறுபடி ஏசியாக்கிக் கொடுப்பாங்க. மீட்டர் கேஜ் பாதையும் பிராட் கேஜ் பாதையும் சந்திக்கிற இடத்தில் சரக்கை இறக்கி ஏத்துவாங்களே, அந்த மாதிரி. சரக்கு போயிடும், ஆனா இந்தப் பக்கத்து வண்டி தடம் புரண்டா அந்தப் பக்கத்து வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. எவ்வளவு கரண்ட் போகணும்னும் துல்லியமா கட்டுப்படுத்தலாம்.

மேற்கு வங்கத்தின் பஹரம்பூருக்கும் வங்கதேசத்தின் பேராமாராவுக்கும் நடுவில் இருப்பது இந்த வகை. 2013-ல் 500 மெகாவாட், 2018-ல் 1,000 மெகாவாட். கடலுக்கு அடியில் நீண்ட தூரம் போகணும்னா டிசி தவிர வேற வழி கிடையாது. ஏசி கேபிளில் தூரம் கூடக் கூட கேபிளே மின்சாரத்தைத் தின்ன ஆரம்பிச்சிடும். மதுரை–இலங்கை இணைப்பை எச்விடிசி என்று சொல்வதுக்குக் காரணம் இதுதான்.

யார் அனுமதி தரணும்?

சாதாரண வியாபாரத்தில் விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கிட்டா போதும். இங்கே அது போதாது. இந்தியப் பக்கம் மட்டும் பாருங்க:

- மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட எல்லை தாண்டிய மின்சார வழிகாட்டுதல்கள்தான் அடிப்படை.
- மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் தனி விதிமுறை போட்டிருக்கு. யார் இணையலாம், கட்டணம் எப்படி, கணக்கு எப்படித் தீர்க்கணும் என்பதெல்லாம் அதில் வரும்.
- எந்த மின்நிலையத்துக் கரண்டை வாங்கலாம் என்ற ஒப்புதலை மத்திய மின்சார ஆணையம் கவனிக்குது. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இது வேற அமைப்பு.
- என்டிபிசி-யின் துணை நிறுவனமான என்விவிஎன், பக்கத்து நாடுகளோட கணக்குத் தீர்க்கும் வேலையைச் செய்யுது.

அந்தப் பக்கத்து நாட்டிலும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கும்.

இந்த விதிகள் வெறும் காகிதம்னு நினைக்காதீங்க. நேபாளத்தில் ஒரு நீர்மின் நிலையம் கட்டறாங்கன்னு வையுங்க. அதில் இந்தியாவோட நில எல்லை உள்ள, ஆனா இந்தியாவோட மின்துறை ஒப்பந்தம் இல்லாத மூன்றாவது நாட்டுக்குப் பங்கு இருந்தா, அந்தக் கரண்டை இந்தியா வாங்காது. நடைமுறையில் இது சீனாவைக் குறிக்கும். கரண்ட் தயாரா இருக்கும், கம்பியும் இருக்கும், மார்க்கெட் மட்டும் இருக்காது. நேபாளம் 2021 நவம்பரில்தான் முதல்முறையா இந்திய மின்சந்தையில் விற்க அனுமதி வாங்கியது. அளவு எவ்வளவு தெரியுமா? வெறும் 39 மெகாவாட். பிறகுதான் நிலையம் நிலையமா ஒப்புதல் வாங்கி அதைக் கூட்டிட்டு வர்றாங்க.

மூணு நாடு சேர்ந்தா இன்னும் மெதுவா நகரும். நேபாளத்திலிருந்து இந்தியக் கம்பி வழியா வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் அனுப்பும் ஒப்பந்தம் 2024 அக்டோபர் 3-ல் கையெழுத்தாச்சு. விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். கணக்குப் போடுவோம்:

40 மெகாவாட் × 24 மணி நேரம் = ஒரு நாளைக்கு 9,60,000 யூனிட்.
9,60,000 × 6.4 சென்ட் = ஒரு நாளைக்கு 61,440 டாலர்.
வருஷத்தில் மழைக்கால ஐந்து மாதம் மட்டும்தான். 150 நாள்னு வச்சா சுமார் 92 லட்சம் டாலர்.

மூணு அரசாங்கம் பேசி முடிச்ச விஷயம்; ஆனா வருமானம் ஒரு நடுத்தர கம்பெனி விற்பனை அளவுக்குத்தான். "வரலாற்றுச் சிறப்புமிக்க ஒப்பந்தம்"னு தலைப்பு வரும்போது அதோட ரூபாய் அளவு என்னன்னு ஒரு தடவை பெருக்கிப் பார்த்துடுங்க. கால்குலேட்டர் போதும்.

கம்பி போட்டவருக்குக் காசு எப்படி வருது?

இதுதான் நம்ம பாடம். மூணு மாதிரி இருக்கு.

*ஒண்ணு: ஆணையம் நிர்ணயிக்கும் வருமானம்*

கம்பி போட ஆகுற செலவை ஆணையம் சரிபார்த்து, அதில் 70 சதவீதம் கடன், 30 சதவீதம் சொந்த முதலீடுன்னு எடுத்துக்கும். அந்தச் சொந்த முதலீட்டுக்கு நிலையான வருமானம். 2024–29 காலத்துக்கான மத்திய விதிமுறைப்படி, புது டிரான்ஸ்மிஷன் திட்டங்களுக்கு 15 சதவீதம், பழையவற்றுக்கு 15.5 சதவீதம்.

உதாரணமா, ஒரு லைனுக்கு 1,000 கோடி ஆச்சுன்னா, சொந்தப் பணம் 300 கோடி. வருஷ வருமானம் 45 கோடி. கடன் வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் தனியா கட்டணத்தில் சேரும்.

கவனியுங்க, கம்பியில் எத்தனை யூனிட் போனாலும் அந்த 45 கோடி 45 கோடிதான். கரண்ட் ரெண்டு மடங்கு போனாலும் லாபம் ரெண்டு மடங்கு ஆகாது. மாசச் சம்பளம் மாதிரி: எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் கிரெடிட் ஆகுறது ஒரே தொகைதான். லைனைத் தயார் நிலையில் வச்சிருக்கணும், அதுக்குத்தான் காசு.

இப்போ இந்தியாவுக்குள்ள பெரும்பாலான புது லைன்கள் ஏலத்தில் போகுது. வருஷத்துக்கு யார் குறைஞ்ச கட்டணம் கேட்கிறாரோ அவருக்கு வேலை. அதில் 15 சதவீத உத்தரவாதமெல்லாம் கிடையாது. செலவு எகிறினா அவர் பாடு.

*ரெண்டு: விலை வித்தியாசத்தில் வருமானம்*

ஐரோப்பாவில் இது சகஜம். இந்த நாட்டில் யூனிட் 4 ரூபாய், அந்த நாட்டில் 7 ரூபாய்னா, இங்கே வாங்கி அங்கே கொடுக்கும் கேபிளுக்கு 3 ரூபாய் இடைவெளிதான் வருமானம். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. கேபிள் தன் வேலையை நல்லாச் செஞ்சா ரெண்டு பக்க விலையும் நெருங்கிடும், இடைவெளி குறையும், கேபிளோட வருமானமும் குறையும்.

அதனால் பிரிட்டன் ஒரு முறை கொண்டு வந்தது. வருமானத்துக்கு ஒரு தரை, ஒரு கூரை. தரைக்குக் கீழே போனா நுகர்வோர் கட்டணத்திலிருந்து ஈடு கட்டுவாங்க. கூரைக்கு மேலே போனா உபரியை நுகர்வோருக்கே திருப்பித் தரணும். பிரிட்டனையும் பெல்ஜியத்தையும் இணைக்கும் 1,000 மெகாவாட் நெமோ லிங்க், 2019-ல் இந்த முறையில்தான் ஓட ஆரம்பிச்சது. ஏற்பாடு 25 வருஷத்துக்கு. நஷ்டத்தில் பங்கு கேட்டவர் லாபத்திலும் பங்கு கேட்பார், நியாயம்தானே?

*மூணு: நீண்டகால விற்பனை ஒப்பந்தம்*

மின்நிலையம், கம்பி, வாங்குபவர் மூணையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப் போடறது. பூட்டானில் இது ரொம்ப நாளா நல்லா நடக்குது. அங்கே 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையத்தை இந்தியா 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன்னு கொடுத்துக் கட்டியது. 1980-களின் கடைசியிலிருந்து அந்தக் கரண்ட் இந்தியாவுக்கு வருது. கடன் கொடுத்ததும் இந்தியா, கரண்ட் வாங்குறதும் இந்தியா. பூட்டான் கரண்டை வித்து அந்தப் பணத்தில் கடனைக் கட்டுது. வசூல் பிரச்சினை வர இடமே குறைவு.

பிறகு வந்த 1,020 மெகாவாட் தாலா நிலையத்துக் கரண்டை வட இந்தியாவுக்குக் கொண்டு போற லைனை, டாடா பவரும் பவர்கிரிட்டும் 51–49 கூட்டில் பவர்லிங்க்ஸ் என்ற கம்பெனியா ஆரம்பிச்சுப் போட்டாங்க. டிரான்ஸ்மிஷனில் அரசும் தனியாரும் சேர்ந்த முதல் கூட்டு அதுதான்.

ஆனா கரண்ட் வாங்குறவர் வேற நாடாகவும், அவர்கிட்ட டாலர் இல்லாமலும் போனா?

பில் கட்டலேன்னா என்ன ஆகும்?

இங்கே என் கதை ஒண்ணு. ஆர்டிக்கிள்ஷிப் படிக்கும்போது திருப்பூர் பக்கம் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதி கம்பெனி ஆடிட்டுக்குப் போயிருந்தேன். லாப நஷ்டக் கணக்கு ஜோரா இருந்தது. நல்ல விற்பனை, நல்ல லாபம். ஆனா முதலாளி முகத்தில் களையே இல்லை. ஏன்னு டெப்டார்ஸ் லிஸ்ட்டைப் பார்த்தப்பதான் புரிஞ்சது. வருஷ விற்பனையில் பாதிக்கு மேல ஒரே வெளிநாட்டு பையர்கிட்ட நிக்குது. சரக்கு போயாச்சு, பில் போட்டாச்சு, கணக்கில் லாபம்னு வந்தாச்சு, அந்த லாபத்துக்கு வரியும் கட்டணும். பணம் மட்டும் வரலை. தீபாவளி போனஸ் கொடுக்க அவர் வீட்டம்மா நகை அடகுக் கடைக்குப் போச்சு.

லாபம் வேற, வசூல் வேற. சிஏ பரீட்சையில் படிச்சதைவிட அந்த நகைச் சீட்டு எனக்கு நல்லாப் புரிய வச்சது.

இதே கதை ஆயிரக்கணக்கான கோடி அளவில் நடந்தா? ஜார்க்கண்ட் மாநிலம் கோட்டாவில் அதானி பவர் 1,600 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டியது. 2017-ல் வங்கதேச மின் மேம்பாட்டு வாரியத்தோட 25 வருஷ ஒப்பந்தம். 2023-ல் உற்பத்தி தொடங்கியது. நிலையம் இருப்பது இந்திய மண்ணில். ஆனா அதோட லைன் வங்கதேசத்துக்கு மட்டும்தான் போனது. இந்திய கிரிட்டில் இணைப்பே கிடையாது. அதாவது ஒரே ஒரு வாடிக்கையாளர்.

வங்கதேசத்தில் டாலர் தட்டுப்பாடு வந்தது, பாக்கி ஏறியது. 2024 ஆகஸ்ட்டில் அங்கே ஆட்சியே மாறியது. சில நாட்களில் இந்திய மின் அமைச்சகம் 2018 வழிகாட்டுதலைத் திருத்தியது: பக்கத்து நாட்டுக்கு மட்டும் விற்கிற நிலையம், அவங்க தொடர்ந்து கரண்ட் எடுக்கலேன்னாலோ பணம் தாமதமானாலோ, இந்திய கிரிட்டில் இணைஞ்சு இங்கே விற்கலாம். அக்டோபர் கடைசியில், பாக்கி 80 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்த நேரத்தில், சப்ளை பாதியாக் குறைஞ்சது. 2025-ல் வங்கதேசம் பாக்கியில் பெரும் பகுதியைக் கட்டியது.

வங்கதேசத்தின் பக்கமும் ஒரு நியாயம் பேசறாங்க. நிலக்கரி விலையைக் கணக்கிடும் முறை தங்களுக்குப் பாதகமா இருக்குன்னு சொல்றாங்க. 25 வருஷ ஒப்பந்தத்தில் ஒரு வரி யாருக்குச் சாதகம் என்பது ஒரு நாட்டு மக்கள் கட்டுற கரண்ட் பில் வரைக்கும் போகும்.

இதில் முதலீட்டாளர் பார்க்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஒரே வாடிக்கையாளரை நம்பின வருமானம் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒத்தைக் காலில் நிக்குது. ரெண்டு, ஒரு அரசாணை மாறினா முதலீட்டோட மதிப்பே மாறும். இந்தத் தடவை விதி கம்பெனிக்குச் சாதகமா மாறியது. அடுத்த தடவையும் அப்படியே மாறும்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க.

இந்தியாவுக்குள்ள மாநிலங்களுக்கு நடுவில் ஓடும் லைன்களில் இந்த ஆபத்து குறைவு. அங்கே டிரான்ஸ்மிஷன் கட்டணத்தை எல்லாப் பயனாளிகள்கிட்டயும் சேர்த்து வசூலிச்சுப் பிரிச்சுக் கொடுக்கிற முறை இருக்கு. ஒருத்தர் தாமதம் பண்ணினா அடி பரவலா விழும், ஒரே கம்பெனி முழுசா மாட்டாது. எல்லை தாண்டினதும் அந்தக் குடை சின்னதாயிடும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கோ அதுதான் பாதுகாப்பு.

சரி, மதுரை–இலங்கை கேபிள்?

இப்போ தம்பி கேள்விக்கு வர்றேன்.

மதுரையிலிருந்து அனுராதபுரம் வரை 285 கிலோமீட்டர், அதில் சுமார் 50 கிலோமீட்டர் கடலுக்கு அடியில், முதலில் 500 மெகாவாட், பிறகு 1,000 மெகாவாட். இப்படி ஒரு திட்டம் பேசப்பட்டு, சாத்தியக்கூறு ஆய்வுக்கு ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டது 2010-ல். 2023-ல் இலங்கை அதிபர் ரணில் விக்கிரமசிங்க டெல்லி வந்தப்போ மறுபடி பேச்சு. 2025 ஏப்ரல் 5-ல் பிரதமர் மோடி கொழும்பு போனப்போ எச்விடிசி இணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம். கேபிள் இன்னும் கடலில் இறங்கலை.

2010-ல் "இதோ வருது"ன்னு நம்பி ஒருத்தர் காத்திருந்தார்னு வையுங்க. அதே நேரத்தில் இன்னொருத்தர் 1 லட்சத்தை 7 சதவீத எஃப்டியில் போட்டுட்டு மறந்துட்டார். 15 வருஷத்தில் அது, வரிக்கு முன்னாடி, சுமார் 2.76 லட்சம். காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு.

திட்டம் மோசம்னு நான் சொல்ல வரலை. தேவை நிஜம். இலங்கை தனித் தீவு கிரிட். 2025 பிப்ரவரியில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதில் நாடு முழுக்க இருட்டாச்சுன்னு அந்த நாட்டு அமைச்சரே சொன்னார். பெரிய கிரிட்டோட இணைஞ்சா இப்படிப்பட்ட நேரத்தில் கை கொடுக்க ஆள் இருக்கும். மன்னார் பக்கம் காத்தாலை கரண்ட் மிச்சமானா இங்கே விற்கலாம்.

ஆனா சிக்கலும் நிஜம். இலங்கையோட உச்சபட்சத் தேவையே 3,000 மெகாவாட்டுக்குள்ள. அதில் 500 மெகாவாட் ஒரே கேபிளில் வந்து, அந்தக் கேபிள் திடீர்னு நின்னா கிரிட் தாங்கணும். 2022-ல் அந்த நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாம நின்னதையும் பார்த்தோம். கேபிளுக்கு யார் பணம் போடுவாங்க, கட்டணம் ரூபாயிலா டாலரிலா, தாமதமானா யார் ஜவாப்தாரி? இதெல்லாம் முடிவான பிறகுதான் ஒரு கம்பெனியோட லாபத்தைப் பத்திப் பேசவே முடியும்.

இன்னொரு அளவும் பாருங்க. பவர்கிரிட் கையில் இருக்கும் லைன்கள் 1.7 லட்சம் சர்க்யூட் கிலோமீட்டருக்கு மேல். அதில் இந்த 285 கிலோமீட்டர் எம்மாத்திரம்? கடல் கேபிள், மாற்று நிலையம் எல்லாம் விலை ஜாஸ்திதான். நீளத்தை மட்டும் வச்சு அளக்க முடியாது. ஆனா அவ்வளவு பெரிய கம்பெனியோட லாபத்தை இந்த ஒரு கேபிள் தலைகீழா மாத்திடாது. சின்ன கம்பெனியா இருந்தா மாத்தலாம். அப்போ வசூல் ஆபத்தும் அந்தச் சின்ன கம்பெனி தலையில்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஐந்து கேள்வி

1. என்ன நிலை? பேச்சா, புரிந்துணர்வு ஒப்பந்தமா, கையெழுத்தான கட்டண ஒப்பந்தமா, வேலை நடக்குதா? முதல் ரெண்டுக்கும் உங்க பணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

2. வருமானம் எந்த மாதிரி? நிலையான வருமானமா, ஏலமா, விலை வித்தியாசமா, நீண்டகால ஒப்பந்தமா? நிலையான வருமானம் உள்ள இடத்தில் "மல்டிபேகர்"னு யாராவது சொன்னா, 15 சதவீதத்தை எடுத்துக் காட்டுங்க.

3. பில் கட்டுறவர் யார்? எத்தனை பேர்? எந்த நாணயத்தில்?

4. கட்டலேன்னா? வங்கி உத்தரவாதம், அரசு உத்தரவாதம், தாமத வட்டி ஏதாவது இருக்கா? கரண்டை வேற யாருக்காவது விற்க வழி இருக்கா?

5. ஆண்டறிக்கையில் "டிரேட் ரிசீவபிள்ஸ்" எவ்வளவு? எத்தனை மாசப் பழசு? பேலன்ஸ் ஷீட்டுக்கான குறிப்புகளில் வயசு வாரியா பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. மூணு வருஷ அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க. விற்பனையைவிட வேகமா இது வளர்ந்தா, திருப்பூர் கதையை நினைச்சுக்கோங்க.

"ஷேர் வேணாம், கம்பியிலிருந்து வர்ற வாடகை மாதிரி வருமானம் போதும்"னு நினைக்கிறவங்களுக்கு இன்விட் இருக்கு. இண்டிகிரிட் 2017-ல், பவர்கிரிட் இன்விட் 2021-ல் பட்டியலாச்சு. கையில் வர்ற பகிரத்தக்க பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுக்கணும் என்பது விதி. ஆனா வர்ற பணம் முழுக்க லாபம்னு நினைச்சுடாதீங்க. அதில் வட்டி, டிவிடெண்ட், மூலதனத்தைத் திருப்பித் தருவதுன்னு பல பகுதி இருக்கும். வட்டிக்கு உங்க ஸ்லாப்படி வரி. மூலதனத்தைத் திருப்பித் தரும் பகுதி உங்க பணமே உங்களுக்குத் திரும்பி வர்றது. யீல்டு பார்க்கும்போது இதைப் பிரிச்சுப் பாருங்க. யூனிட் விலையும் இறங்கும், ஏறும்.

தம்பி என்ன பண்ணான்?

எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ வாங்காதன்றியா அக்கா?"ன்னான்.

"வாங்கு, வாங்காதேன்னு நான் சொல்ல மாட்டேன்டா. இந்தப் பணத்துல வேணாம்னு மட்டும் சொல்றேன். நாளைக்கு வேலை போனா இந்த 1,80,000-தான் உனக்கு நாலு மாச வாடகை, சாப்பாடு, வண்டி ஈஎம்ஐ. கேபிள் வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு அரசாங்கத்துக்கே தெரியாது. உன் ஹவுஸ் ஓனர் அதுவரைக்கும் காத்திருப்பாரா?"

சிரிச்சான். அவசர நிதியைத் தொடலை. அந்த மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடிச்ச 8,000 ரூபாய்க்கு ஏதோ ஒரு ஷேர் வாங்கியிருக்கான். எதுன்னு நான் கேட்கலை. ஆனா போன ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஆண்டறிக்கையில் ரிசீவபிள்ஸ் பக்கம். மூணு வருஷ எண்ணையும் மஞ்சளில் வட்டம் போட்டு, "அக்கா, இது கூடிட்டே போகுதே, நல்லதா கெட்டதா?"ன்னு கேட்டிருந்தான்.

இந்தக் கேள்வி வர ஆரம்பிச்சா போதும்.

ஒரு விஷயம் சொல்லிடறேன்: நான் சிஏ, செபி பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் இல்லை. இங்கே வந்த கம்பெனி பெயர்கள் எல்லாம் உதாரணம்தான், பரிந்துரை இல்லை. ஆண்டறிக்கையில் ரிசீவபிள்ஸ் பக்கத்தை எப்படிப் படிக்கணும்னு சேனலில் தனி வீடியோ போடப் போறேன். நீங்க வச்சிருக்கிற ஒரு ஷேரோட ஆண்டறிக்கையை டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க, சேர்ந்தே பார்ப்போம்.

அடுத்த பதிவில் சந்திப்போம். அதுவரைக்கும் அவசர நிதி பத்திரம்!